மறுபடியும் சீவாளி எடுப்பவர்களுக்கு

சுரண்டையிலும் சுற்று வட்டாரத்திலும் நாயனம் சொல்லிக்கொடுத்தே எனக்கு வயதாகிவிட்டது. முன்பெல்லாம் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் வருவார்கள். இப்போது வருகிறவர்களில் நரைத்த தலைகள்தான் கூடுதல். சென்னையில் மளிகைக் கடையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், துபாயிலும் சவுதியிலும் பாதி ஆயுளைக் கழித்தவர்கள், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கடைசி மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்த பெண்கள். எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். சின்ன வயதில் கொஞ்ச காலம் படித்தேன், விட்டுப்போச்சு, இப்போது மறுபடி ஆசையாக இருக்கிறது, வருமா?

வரும். நீங்கள் எதிர்பார்க்கிற வரிசையில் வராது, அவ்வளவுதான். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குச் சொல்வது வேறு, விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்குச் சொல்வது வேறு. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குப் பாதி தெரியும், அந்தப் பாதிதான் பாடாய்ப்படுத்தும். நான் நாயனக்காரன் என்பதால் நாயனத்தை வைத்தே சொல்கிறேன். தவில், வயலின், வீணை, மிருதங்கம் எதுவானாலும் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஏன் விட்டோம் என்ற வழக்கை மூடிவிடுங்கள்.

திரும்பி வருகிறவர்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே பழைய வழக்கைத் திறக்கிறார்கள். அப்பா சம்மதிக்கவில்லை, வாத்தியார் அடித்தார், வீட்டில் கஷ்டம். எல்லாம் உண்மைதான். இந்தப் பக்கத்தில் நாயனத்தை விட்டவர்களிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. தாலி கட்டுகிற நேரம்வரை நெஞ்சு நோக வாசித்தவனைப் பந்தியில் தனியாக, கடைசியாக உட்காரவைத்த காலம் இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, இந்தக் குழலைத் தொடவே மாட்டேன் என்று பீடிக் கம்பெனிக்கோ காய்கறி மார்க்கெட்டுக்கோ போனான் என்றால் அவனை யார் குறை சொல்ல முடியும்? பிறகு கேரளத்துச் செண்டை மேளம் இங்கே கோயில் கொடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் வந்தது. பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு. பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தம் எல்லாம் ஒரே அடியில் போயின. மேளக்காரனுக்கு வருடச் சாப்பாடு இந்த மாதங்களில்தான். லோடு ஏற்றப் போனவர்களும் சித்தாள் வேலைக்குப் போனவர்களும் உண்டு. அவர்களில் சிலர் இன்னும் வாத்தியத்தைத் தொடவில்லை.

வறுமையும் அவமானமும் மட்டுமே ஆளை விரட்டும் என்றும் இல்லை. புல்லாங்குழல் மாலி ஏழு வயதில் மேடையேறி ஊரையே மயக்கியவர். புகழ் இருக்கும்போதே மேடையை விட்டு விலகியிருக்கிறார், பல ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி வாசித்திருக்கிறார். ஆகவே விட்டதைப் பாவமாகச் சுமக்க வேண்டாம். யார்மேல் தப்பு என்று தீர்ப்பு எழுதி முடித்த பிறகு வாசிக்கலாம் என்று இருந்தால் வாசிக்கவே மாட்டீர்கள்.

2. வாயில் வைக்கும் முன் வாத்தியத்தைப் பாருங்கள்.

பரணில் கிடந்த குழலை இறக்கித் துடைத்து அன்றைக்கே ஊதிப் பார்த்து, சத்தம் வரவில்லை என்று மனம் உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றம் உங்களிடம் இல்லை. நாயனத்தில் காலத்தைத் தாங்குவது உலவு என்கிற மரக்குழல் ஒன்றுதான். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைவார்கள். அதுவும் பச்சை மரத்தில் இல்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, ஈரமெல்லாம் வற்றிப்போன தூணையும் உத்தரத்தையும் வாங்கிக் கடைகிறார்கள். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப் பிறந்த குழலுக்கு இருபது, முப்பது வருடம் சும்மா கிடந்தது பெரிய விஷயமில்லை. கீறல் விழுந்திருக்கிறதா என்று மட்டும் வெயில் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். அடிப்பக்கத்தில் விரல் படாத பிரம்மசுரத் துளைகள் உண்டல்லவா, அவற்றில் சுருதிக்காக வைத்த மெழுகு உதிர்ந்திருக்கும். சுருதி தப்புவதற்கு அதுவே போதும்.

வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் கதை வேறு. அது கொறுக்கைத் தட்டையில் செய்வது. அறுத்துக் காயவைத்து, பதம் பார்த்து, நறுக்கி, நூல் சுற்றிக் கட்டுகிறார்கள். திருவாவடுதுறையில் இதையே குலத்தொழிலாகச் செய்த குடும்பங்கள் உண்டு. பழைய சீவாளி எத்தனை ராசியானதாக இருந்தாலும் சரி, அப்பா கையால் கொடுத்ததாக இருந்தாலும் சரி, பூஜை அறையில் வையுங்கள், வாயில் வைக்காதீர்கள். புதிதாக நாலைந்து வாங்குங்கள். ஒன்று போல் ஒன்று இருக்காது. திரும்பி வருகிறவர்கள் மெல்லிய, எளிதாகப் பேசுகிற சீவாளியில் தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் நீங்கள் ஊதிய கெட்டிச் சீவாளியை இப்போது தேடாதீர்கள். சீவாளியைத் தாங்கும் கெண்டையில் களிம்பு ஏறியிருந்தால் சுத்தமாகத் துலக்குங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள்.

வீணையின் மெட்டுகள் மெழுகில் நிற்பவை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பல வருடம் கிடந்தால் இடம் பிசகியிருக்கும், தெரிந்தவரிடம் கொடுத்து மறுபடி கட்ட வேண்டும். வயலினுக்கு வில்லின் முடியை மாற்றுங்கள். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தோல். இந்தச் செலவைச் செய்ய யோசிக்கிறவர்கள் கெட்ட வாத்தியத்தோடு மல்லுக்கட்டி, தனக்கு வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

3. டாக்டரிடம் ஒரு தரம் போய்விட்டு வாருங்கள்.

நாயனம் சும்மா ஊதுகிற குழல் இல்லை. அடிவயிற்றிலிருந்து அழுத்தம் கொடுக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவர்கள், கண்ணில் நீர் அழுத்தம் இருப்பவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது. முன்பல் விழுந்து பல்செட் கட்டியவர்களுக்கு உதட்டுப் பிடிப்பு மாறும். பயப்பட வேண்டாம், பிடிப்பைப் புதிதாகப் பழகிக்கொள்ளலாம். பல் டாக்டரிடம், நான் நாயனம் வாசிக்கிறவன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூச்சு இடம் கொடுக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால் வாய்ப்பாட்டோ ஆர்மோனியமோ இருக்கிறது. கற்ற சுரம் எங்கேயும் போகாது.

4. காதும் விரலும் மூச்சும் ஒரே நாளில் திரும்பி வராது.

நான் சொல்ல வந்ததில் இதுதான் முக்கியம். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நீங்கள் வாத்தியத்தை விட்ட வருடங்களில் உங்கள் காது தூங்கவில்லை. கோயில் ஒலிபெருக்கி, ரேடியோ, கேசட், இப்போது போன் என்று அது கேட்டுக்கொண்டே வளர்ந்தது. பதினைந்து வயதில் தோடி என்றால் ஆரோகணம், அவரோகணம். ஐம்பத்தைந்து வயதில் தோடி என்றால் அந்தக் காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்று உங்கள் காதுக்குத் தெரியும். ஆக, காது எங்கோ முன்னால் போய்விட்டது.

விரல் இரண்டாவது. சின்ன வயதில் பழகியது விரலை விட்டுப் போவதில்லை. ஒரு சில வாரத்தில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் தானாக ஓடத் தொடங்கும். பழைய வர்ணம்கூடத் துண்டு துண்டாக எழுந்து வரும். வருகிறவர்கள் இதைக் கண்டு பூரித்துப்போகிறார்கள்.

கடைசியில் வருவது மூச்சும் உதடும். அவைதான் வயதை அறிந்தவை. நாயனத்தில் அரைச் சுரம், கமகம் எல்லாம் விரலால் மட்டும் வருபவை அல்ல. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும், காற்றைக் கூட்டியும் குறைத்தும்தான் பிடிக்கிறோம். உதடு சோர்ந்தால் வாயோரத்தில் காற்றுக் கசியும், சுருதி இறங்கும். விரல் காந்தாரத்துக்குப் போய்விட்டது, உதடு பின்னால் நிற்கிறது, காதுக்கு அது உடனே தெரிகிறது. சின்னப் பிள்ளைக்கு இந்த வேதனை இல்லை. தன் பிசகு தன் காதில் விழாததால் சந்தோஷமாக ஊதிக்கொண்டே இருப்பான், ஊதி ஊதியே கற்றுக்கொள்வான். உங்களுக்கு ஒவ்வொரு பிசகும் கேட்கிறது.

இரண்டாம் மாதம், மூன்றாம் மாதத்தில் சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். முதலில் விட்டதற்கு வீடும் ஊரும் காரணமாக இருந்திருக்கலாம். இரண்டாவது முறை விடுவதற்குச் சொந்தக் காதே காரணமாகிவிடுகிறது. தனக்குச் சங்கீதம் மறந்துபோச்சு என்று நினைத்துப் போகிறார்கள். உண்மையில் அவர்களுக்குச் சங்கீதம் கூடியிருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது. மூன்று ஊரிலிருந்து ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய சொந்தக்காரர்கள் போலத்தான் இந்த மூன்றும். முதலில் வந்து சேர்ந்தவர் மற்றவர்களைத் திட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடக் கூடாது.

அதற்காகக் காதைத் தாழ்த்திக்கொள்ளாதீர்கள், பரவாயில்லை என்று பிசகைப் பழகிக்கொள்ளாதீர்கள். பாடத்தைத் தாழ்த்துங்கள். உங்கள் உதட்டால் உங்கள் காதுக்குத் திருப்தியாக எதை வாசிக்க முடிகிறதோ அதை மட்டும் வாசியுங்கள். அது ஒரே ஒரு ஷட்ஜமாக இருக்கலாம், இருக்கட்டும்.

வயலினில் வில் பிடிக்கும் கை பின்தங்கும். வீணையில் இடது விரல் நுனியில் பழைய காய்ப்பு போயிருக்கும், தந்தி அறுக்கும், காய்ப்பு ஏறும்வரை பொறுக்க வேண்டும். தவிலில் வலந்தலைக் கைக்கு விரல் கூடு மாட்டினாலும் மணிக்கட்டுக்குப் பழைய வேகம் வர நாளாகும். வாத்தியம் மாறும், பின்தங்குவது எது என்பது மாறும், காது முன்னால் நிற்பது மட்டும் எல்லாருக்கும் பொது.

5. சாதகம் சின்னதாக, தினமும்.

அந்தக் காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வெளிச்சம் வரும்வரை ஊதினோம் என்று நான் சொல்வேன், நீங்களும் சொல்வீர்கள். இப்போது வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். முதலில் சீவாளியை மட்டும் தனியாகப் பேசவையுங்கள். பிறகு சுருதிப் பெட்டியைப் போட்டு ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மூன்றையும் மூச்சு உள்ளவரை நீட்டிப் பிடியுங்கள். அதற்குப் பிறகு மாயாமாளவகௌளையில் சரளி, முதல் காலம் மட்டும். துத்துக்காரத்துக்கு அவசரப்படாதீர்கள், நாக்கு தானே வரும். உதட்டோரத்தில் காற்றுக் கசியத் தொடங்கினால் அன்றைய சாதகம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்த்து மூன்று மணி நேரம் ஊதுகிறேன் என்று வாரம் முழுக்கச் சும்மா இருப்பவர்களுக்கு உதடு திரும்பவே திரும்பாது.

பழைய நோட்டுப்புத்தகம் இருந்தால் அதைக் கொஞ்ச காலம் மூடியே வையுங்கள். விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடரத் தோன்றும். அந்த இடத்தில் விட்டுப்போன ஆள் இப்போது இல்லை.

6. காருகுறிச்சியாரை எப்போது கேட்பது?

நம் பக்கத்து ஆள் எவரும் நாயனம் என்றதும் முதலில் சொல்லும் பேர் காருகுறிச்சி அருணாசலம். 1921ல் அம்பாசமுத்திரம் பக்கத்துக் காருகுறிச்சியில் பிறந்தவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரியைக் கேட்காத தமிழ்க் காது இல்லை. 1964ல் போய்விட்டார். நாற்பதைத் தாண்டிச் சில வருடம்தான். அந்த வயதைக் கடந்து நீங்கள் மறுபடி கற்க வந்திருக்கிறீர்கள், உங்களுக்குக் கிடைத்த காலம் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

அவரைக் கேளுங்கள், நிறையக் கேளுங்கள். சாதகம் செய்து முடித்த கையோடு கேட்பதை மட்டும் தவிருங்கள். சாதகத்துக்கு முன்னால் கேட்டால் உற்சாகம் வரும். உடனே பின்னால் கேட்டால், இப்போது ஊதியதை வைத்து ஒப்பிடுவீர்கள், மறுநாள் பெட்டியைத் திறக்க மனம் வராது. ராகத்தைக் கேட்கும்போது பிருகாக்களைத் தொடர்ந்து ஓடாமல், எந்தச் சுரத்தில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கவனியுங்கள். திரும்பி வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது நிற்பதைத்தான்.

7. சத்தத்துக்கு வெட்கப்படாதீர்கள், இடம் தேடுங்கள்.

வீணையைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கலாம். நாயனம் தெருவுக்கே கேட்கும். பிள்ளைகளுக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று ஒரு பேச்சு. அமெரிக்காவில் சாக்சபோன் வாசித்த சன்னி ரோலின்ஸ் என்பவரைப் பற்றிப் பேரன் காட்டினான். பெரிய பெயர் எடுத்திருந்த நேரத்தில், தன் வாசிப்பில் தனக்கே திருப்தியில்லை என்று 1959ல் மேடையை விட்டு விலகினார். வீட்டில் ஊதினால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்பதால் நியூயார்க் நகரத்து வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய் நின்று ஊதினார். 1961ல் மேடைக்குத் திரும்பினார். அடுத்த வருடம் வந்த இசைத்தட்டுக்குப் பெயரே ‘பாலம்’ என்று பொருள்படும் பெயர்.

அவருக்குப் பாலம் என்றால் நமக்குக் குளத்தங்கரை இருக்கிறது, தோட்டத்துப் பம்ப்செட் அறை இருக்கிறது, சிற்றாற்றங்கரை இருக்கிறது. வெட்டவெளியில் ஊதினால் இன்னொரு லாபமும் உண்டு. சுவர் திருப்பித் தரும் ஒலி இல்லாததால் உங்கள் சத்தம் உள்ளபடி கேட்கும். கதிர் அறுப்பில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

8. சாரல் மாதங்களில் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் தென்காசி தொட்டுச் சுரண்டைவரை காற்று ஈரமாகிவிடும். சீவாளி ஈரம் குடித்துத் தொய்யும், தவில் தோல் இறங்கும், வயலின் குச்சிகள் உப்பி இறுகித் திருகவே வராது. அந்த மாதங்களில் வாசிப்பு பின்னுக்குப் போவது போலத் தோன்றினால் பாதிக் காரணம் வானம்தான். சீவாளியைக் காற்றோட்டமாக வையுங்கள், ஈரத்தோடு பெட்டியில் அடைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நேர்மாறு, காய்ந்து விறைக்கும், வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் நனைத்த பிறகு ஊதுங்கள். பிழைப்புக்கு வாசிப்பவர்கள் இந்த ஈரத்தில்தான் சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கும் ஆடிக் கொடைகளுக்கும் வாசிக்கிறார்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், ஒருவர் எத்தனை சீவாளி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்று.

9. வலித்தால் நிறுத்துங்கள்.

விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று வெறியோடு உழைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். லியான் பிளைஷர் என்ற அமெரிக்கப் பியானோக் கலைஞருக்கு 1960களின் நடுவில் வலது கை விரல்கள் தாமாகச் சுருண்டுகொண்டன. நரம்புக் கோளாறு. இடது கைக்கென்று எழுதிய உருப்படிகளை வாசித்தார், சொல்லிக்கொடுத்தார், இசைக்குழுவை நடத்தினார். சுமார் முப்பது வருடத்துக்குப் பிறகு சிகிச்சையால் இரண்டு கையாலும் வாசிக்க முடிந்தது. அவருடைய பொறுமையை வணங்குகிறேன். உங்கள் தோளிலோ மணிக்கட்டிலோ தாடையிலோ வலி வந்தால் அது சோம்பல் இல்லை. இரண்டு நாள் விட்டுப் பிடியுங்கள், போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

10. வாத்தியார் உங்கள் மகன் வயதில் இருப்பார்.

திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் எல்லாம் மூன்று வருடப் படிப்பு. ஆனால் அது 12 வயதுக்கு மேல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. உங்களுக்கு அங்கே இடமில்லை. அங்கே படித்து முடித்துவிட்டு ஊரில் இருக்கிற இளைஞர்களிடம் இடம் உண்டு. அவர்களைத் தேடிப் போங்கள்.

போனால் சிஷ்யனாகப் போங்கள். ‘எலே தம்பி, கொஞ்சம் சொல்லிக்கொடுடே’ என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிற அண்ணாச்சிகளைப் பார்த்திருக்கிறேன். பையன் கூச்சப்பட்டுத் தப்பைத் திருத்தாமல் விட்டுவிடுவான். அவனை வாத்தியார் என்றே கூப்பிடுங்கள், அவன் உட்கார்ந்த பிறகு உட்காருங்கள். ‘எங்க குரு இப்படிச் சொல்லித்தரலையே’ என்பதை ஒரு தரம் சொல்லலாம், இரண்டாவது தரம் சொல்லாதீர்கள். பாடக் காசை மாதம் பிறந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள், பையன் வாய்விட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்களிடம் பெரியவர் ஒருவர் வந்தால் அவர் காதை மதியுங்கள். கையைத் திருத்துங்கள்.

11. பெண்களுக்கு.

வீணையும் வயலினும் வாய்ப்பாட்டும் கல்யாணம்வரை என்று வைத்திருந்த வீடுகள் எத்தனை! பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனம், அதோடு வாத்தியத்துக்கு உறை. நாயனத்தில் பெண்களே அபூர்வம். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் ஆண்கள் மட்டுமே நின்ற இடத்தில் நின்று வாசித்துப் பேர் எடுத்தவர். கணவர் இறந்த பிறகு அவர் நாயனத்தை விட்டு விலக நேர்ந்தது. மங்கள வாத்தியத்தைக் கைம்பெண் வாசிக்கக் கூடாது என்ற பழக்கம். 2012ல் காலமானார். அவ்வளவு பெரிய வித்தையை ஊர் வழக்கம் ஒன்று வாயடைத்துவிட்டது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கத்துக்கு எந்த மரியாதையும் கொடுக்க வேண்டியதில்லை. இன்றைக்கு ஸ்ரீரங்கம் ஷேக் சின்ன மௌலானாவின் சீடரான காலீஷாபி மகபூப் கணவரோடு சேர்ந்து உட்கார்ந்து வாசித்துப் பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார்.

ஆகவே தாயே, உங்கள் வீட்டில் யாராவது, இந்த வயதில் எதற்கு என்றால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். சமையல் முடிந்த பிறகு, பீடித் தட்டை இறக்கிவைத்த பிறகு, மிச்சம் இருக்கிற நேரத்தில் என்று தள்ளாதீர்கள், மிச்சம் இருக்காது. நேரத்தை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். இந்த அரை மணி நேரம் காபி கேட்டு யாரும் வரக் கூடாது என்று வீட்டுக்குச் சொல்லுங்கள். பீடி சுற்றிப் பழகிய விரலுக்கு வீணைத் தந்தி சிரமமே இல்லை, அந்த நுணுக்கம் ஏற்கெனவே விரலில் இருக்கிறது.

12. பிறர் முன்னால் வாசிக்கும் நாள்.

அரங்கேற்றம் என்று பத்திரிகை அடிக்காதீர்கள். முதலில் யாராவது வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து சுருதி போடுங்கள், தாளம் போடுங்கள். பிறகு இரண்டாம் நாயனமாகக் கூட நில்லுங்கள். உங்கள் குலதெய்வம் கோயிலில் வெள்ளிக்கிழமைச் சாயந்தரம், நாலு பேர் இருக்கும் நேரம் ஒரு கீர்த்தனம். போதும்.

விரல் தவறும். தவறாமல் யாரும் திரும்பி வந்ததில்லை. விளாதிமிர் ஹோரோவிட்ஸ் என்ற பியானோ மேதை 12 வருடம் மேடையேறாமல் இருந்துவிட்டு 1965 மே மாதம் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசிக்க வந்தார். உலகமே காத்திருந்த கச்சேரி. முதல் உருப்படியின் தொடக்கத்திலேயே விரல் தவறியது. அவர் எழுந்து போகவில்லை. வாசித்து முடித்தார், அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் வாசித்தார். நீங்களும் தவறிய சுரத்தைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த சங்கதிக்குப் போங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். சுளித்தால்தான் கேட்பவர்களுக்குத் தவறு தெரியும்.

13. இதிலேயே பிழைக்கிறவர்களின் சோற்றைத் தொடாதீர்கள்.

உங்களுக்குப் பென்ஷன் வரும், கடை வருமானம் வரும், பிள்ளைகள் அனுப்புவார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், ‘நம்ம அண்ணாச்சிதான் நாயனம் வாசிப்பாரே, மேளத்துக்கு எதுக்குத் தனியாச் செலவு’ என்று ஒருவர் சொல்வார். பெருமையாகத்தான் இருக்கும். சம்மதிக்காதீர்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அரைவயிற்றோடு இருந்துகொண்டு இந்த வாத்தியத்தை இத்தனை காலம் காப்பாற்றியவர்கள் அந்த மேளக்காரர்கள். நீங்கள் விட்ட காலத்தில் அவர்களும் விட்டிருந்தால், நீங்கள் திரும்பி வரும்போது கற்றுத்தர ஆள் இருந்திருக்காது, சீவாளி கட்ட ஆள் இருந்திருக்காது.

கேட்கிற வீட்டாரிடம் மேளத்தைப் பேசிவிட்டீர்களா என்று முதலில் விசாரியுங்கள். பேசவில்லை என்றால் ஒரு மேளத்தின் போன் நம்பரை நீங்களே கொடுங்கள். அவர்கள் வந்த பிறகு அனுமதி கேட்டு, கூட நின்று ஒரு கீர்த்தனம் வாசியுங்கள். வேட்டியும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வைத்திருந்தால் அதைத் தவில்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். பந்திக்குக் கூப்பிடும்போது மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில், உங்கள் பக்கத்து இலையில் உட்காரவையுங்கள்.